எந்தப் பக்கத்தில் இருக்கிறது அந்த விடை?

அலுமினியப் பவுடர் ஈரமானால் ஏன் சூடேறுகிறது? சிவகாசி வட்டாரத்துக் கல்லூரியில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்தால் அது வெறும் பாடக் கேள்வியாக இருக்காது. கேட்கிற மாணவியின் வீட்டில் யாராவது ஒருவர் மருந்துக் கலவை அறையில் வேலை பார்ப்பவராக இருக்கக்கூடும்.

ஆசிரியர் சொல்லத் தொடங்குவார். அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். உலோகத்துக்கு அதுதான் காப்பு. ஈரத்தோடு காரத்தன்மையும் சேர்ந்தால் அந்தப் படலம் கரையும். உள்ளே இருக்கும் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடும். பக்கத்தில் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஈரத்தில் அலுமினியம் நைட்ரேட்டை ஒடுக்கி அம்மோனியாவை உண்டாக்கும், அம்மோனியா காரம் என்பதால் படலம் மேலும் கரையும், வினை வேகமெடுக்கும், சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமாகும். இந்தச் சுழலை முளையிலேயே அடக்கத்தான் பட்டாசு வேதியியலில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. காரத்தன்மை தலைதூக்காமல் அது பார்த்துக்கொள்கிறது.

இந்த விடை ஒரு கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்? அலுமினியம் என்ற தலைப்பின் கீழா, நைட்ரேட் உப்புகளின் கீழா, சேமிப்பு முறைகளிலா, தீத்தடுப்பு அத்தியாயத்திலா? நான்கு இடத்திலும் அதற்கு உரிமை உண்டு. அச்சுப் புத்தகம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்ற மூன்று இடங்களில் 'பக்கம் 84 காண்க' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கல்லூரி ஆசிரியருக்கு மின்கையேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பட்டாசு வேதியியலில் ஆபத்து பெரும்பாலும் தனிப்பொருளில் இருப்பதில்லை. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. தீப்பெட்டியே சாட்சி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் பிரிந்திருக்கும்வரை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உராய்விலேயே பற்றிக்கொள்ளும் என்பதால்தான் பட்டாசில் அந்தக் கலவையை 1992-இல் மத்திய அரசு தடை செய்தது. 'உராய்வு காரணமாக' என்ற சொல்லை விபத்துச் செய்திகளில் படித்துப் படித்து இந்த வட்டாரத்துக்கு மனப்பாடமாகிவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். எந்தப் பொருளை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்ற அறிவு இங்கே தேர்வுக்கு மட்டும் உரியதல்ல.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கையேட்டில் 10 வேதிப்பொருள்கள் இருந்தால் அவற்றுக்கிடையே 45 இணைகள். 20 பொருள்கள் என்றால் 190 இணைகள். 30 என்றால் 435. பொருள்கள் கூட்டல் கணக்கில் ஏறும்போது இணைகள் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடுகின்றன. ஒவ்வோர் இணைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கினாலும் அச்சுக் கையேடு தலையணை கனத்துக்கு வந்துவிடும். அதில் தேடுவதற்கு இன்னொரு கையேடு வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு கண்ட மின்கையேடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து உருவாக்கிய 'கேமியோ கெமிக்கல்ஸ்' அது. நமக்கு வேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், எது எதனோடு சேர்ந்தால் என்ன நேரும் என்பதை ஒரு கட்டப் பட்டியலாகப் போட்டுக் காட்டும். ஆயிரக்கணக்கான பொருள்களின் இணைகளை உட்கார்ந்து யாரும் எழுதவில்லை. ஒரே மாதிரி வினைபுரியும் பொருள்களை முதலில் குழுக்களாகப் பிரித்தார்கள். பிறகு குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதினார்கள். வலுவான ஆக்சிஜனேற்றி ஒரு குழு, நுண்ணிய உலோகத் தூள் இன்னொரு குழு. ஊடாடும் கையேடு என்று சொல்லத்தக்கது இப்படிப்பட்டதுதான். தாளைத் திருப்பும் சத்தத்தைக் கணினியில் எழுப்பிக் காட்டுவதை அப்படிச் சொல்லக்கூடாது.

ஒரு தகவலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இந்த யோசனை இணையத்துக்கு முந்தியது. அமெரிக்கப் பொறியாளர் வன்னிவர் புஷ் 1945-இல் 'மெமெக்ஸ்' என்ற மேசையைக் கற்பனையில் வடிவமைத்தார். நுண்படச் சுருளில் உள்ள ஆவணங்களை வாசகரே ஒன்றோடொன்று தடம் போட்டு இணைத்துவைக்கலாம் என்றார். 1965-இல் டெட் நெல்சன் அதற்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயர் வைத்தார். தமிழில் மீயுரை என்கிறோம். 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ சமர்ப்பித்த முன்மொழிவு அதை உலகம் முழுவதற்கும் விரித்தது. வரலாறு இவ்வளவு போதும். நமக்கு முக்கியம், இணைப்புகள் பெருகியதும் முளைத்த தொல்லை.

மீயுரை பற்றி 1987-இல் விரிவான ஆய்வுரை எழுதிய ஜெப் கான்க்ளின் இரண்டு சிக்கல்களைக் குறிப்பிட்டார். ஒன்று, வாசகர் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை இழந்துவிடுவது. இரண்டு, படிப்பதோடு கூடவே 'இதைத் தொடலாமா, வேண்டாமா' என்று ஒவ்வோர் இணைப்பிலும் முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய மனச்சுமை. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

நம் ஆசிரியர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். பதவி உயர்வு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை அரசிதழில் ஜூலை 18 அன்று வந்தது. அது இன்றும் பெரும்பாலோர் கைபேசியில் பி.டி.எப். கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஓர் உதவிப் பேராசிரியர் கல்வி நிலை 10-இலிருந்து 11-க்குப் போக வேண்டும். முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டுப் பணி, எம்.பில். அல்லது தொழிற்படிப்பில் முதுநிலை என்றால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6. இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அடுத்த வரி, ஆண்டு மதிப்பீட்டில் 'நன்று' அல்லது 'திருப்திகரம்' பெற்றிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இரண்டாம் பின்னிணைப்பின் முதல் அட்டவணைக்கு அனுப்பும். அங்கே போனால், ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70-லிருந்து 80-க்குள் 'திருப்திகரம்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கிருந்து புறப்பட்டோம்? அரசிதழ்க் கோப்பில் இந்தி ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி. விரலால் தள்ளித் தள்ளி மேலே வரும்போது பார்த்த வரி எது என்பதே மறந்திருக்கும்.

அது ஆசிரியரின் மறதியால் வருவதல்ல. நாம் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய செய்தித் துண்டுகள் மிகக் குறைவு. 1956-இல் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு என்ற அளவில் வைத்தார். 2001-இல் நெல்சன் கோவன் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசி, உண்மையில் நான்கு அளவுதான் என்றார். பணியாண்டு, பட்டம், பயிற்சி வகுப்பு, மதிப்பீடு ஆகிய நான்கையும் ஏந்திக்கொண்டு போகிறவர் தலையில் 'எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன்' என்ற ஐந்தாவதையும் ஏற்றினால் ஏதாவது ஒன்று கீழே விழத்தான் செய்யும். திரும்பும் வழியை நினைவில் வைப்பது கையேட்டின் வேலை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் லிண்டா டௌஷரும் சால் கிரீன்பெர்க்கும் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இணையத்தில் மக்கள் திறக்கும் பக்கங்களில் 58 சதவீதம் ஏற்கெனவே பார்த்தவை. வாசிப்பில் பாதிக்கு மேல் திரும்பி வருதல்தான். 'பின்செல்' பொத்தானைப் பக்கத்தின் மூலையில் ஒளித்து வைக்கும் கையேடு வாசகரின் பாதிப் பயணத்தை மறுக்கிறது.

அச்சுத்தாள் இந்தச் சுமையை எப்படித் தாங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். சிவகாசிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என நாட்டின் மேசைகளுக்கெல்லாம் அச்சடித்து அனுப்பும் ஊர் அது. டைரியின் ஓரத்தில் மாதவாரியாகப் படிக்கட்டுபோல வெட்டியிருப்பார்களே, அந்த வெட்டு ஒரு வழிகாட்டிக் கருவி. கல்லூரி ஆண்டுதோறும் தரும் காலண்டர் கையேட்டில் வேலை நாள், டே ஆர்டர், விடுப்பு விதி எல்லாம் எங்கே இருக்கும் என்று பழகிய ஆசிரியரின் கட்டைவிரலுக்கே தெரியும். எர்ன்ஸ்ட் ராத்காப் என்ற உளவியலாளர் 1971-இல் இதைச் சோதித்தார். படித்த ஒரு செய்தி பக்கத்தின் மேற்பகுதியில் இருந்ததா, கீழ்ப்பகுதியிலா என்பதை, கவனிக்கும்படி யாரும் சொல்லாமலே வாசகர்கள் ஓரளவு நினைவில் வைத்திருந்தார்கள். நகரும் திரையில் அந்த 'மேல், கீழ்' இல்லாமல் போகிறது. நார்வேயில் அன்னே மாங்கனும் உடன் ஆய்வாளர்களும் 72 பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதே உரையைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2018-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழுவும் தாள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஆகவே தொடர்ச்சியாக உட்கார்ந்து படிக்க வேண்டியதைத் தாளில் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. மின்கையேட்டின் பலம் தேடலிலும் தாவலிலும் இருக்கிறது. அதிலும்கூட வெற்றி தானாக வந்ததில்லை.

1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 'சூப்பர்புக்' என்றொரு மின்கையேடு செய்தார்கள். ஒரு புள்ளியியல் மென்பொருளின் கையேட்டை எடுத்து, அச்சு நூலோடு மாணவர்களைப் போட்டிபோட வைத்தார்கள். முதல் வடிவம் அச்சு நூலை வெல்லவில்லை. எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தினார்கள், மறுபடி சோதித்தார்கள். திருத்திய வடிவத்தில் மாணவர்கள் விரைவாகவும் சரியாகவும் விடை கண்டார்கள். செய்த திருத்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது: பொருளடக்கம் எப்போதும் திரையின் ஓரத்தில் நிற்கும், ஒரு சொல்லைத் தேடினால் அந்தச் சொல் எந்த அத்தியாயத்தில் எத்தனை முறை வருகிறது என்று அத்தியாயத் தலைப்பின் பக்கத்திலேயே எண் தெரியும். தேடலின் விடையும் நூலின் வரைபடமும் ஒரே இடத்தில். 'அம்மோனியா' என்று தட்டினால் சேமிப்பு அத்தியாயத்தில் 7 என்று காட்டும்போது, தேடியவருக்கு வினையின் இயல்பைப் பற்றியே ஒரு குறிப்புக் கிடைத்துவிடுகிறது.

அதே ஆய்வகத்தில்தான் ஜார்ஜ் பர்னாஸும் கூட்டாளிகளும் 1987-இல் சொற்சிக்கலை அளந்தார்கள். ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று இரண்டு பேரைத் தனித்தனியே கேட்டால், இருவரும் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கையேட்டை எழுதியவரின் சொல்லும் தேடுபவரின் சொல்லும் பெரும்பாலும் வேறு என்று பொருள். நம் ஊரில் இது கண்கூடு. பாடநூல் 'பேரியம் நைட்ரேட்' என்கிறது. தொழிலில் 'பச்சை உப்பு' என்கிறார்கள். பச்சை ஒளி தருவது பேரியம் என்பதால் வந்த பெயர். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது, செய்தி வந்தது ஒரு பெயரில், ஊர் பேசியது இன்னொரு பெயரில். வகுப்பில் மாணவர் பச்சை உப்பு பற்றிக் கேட்கிறார். ஆசிரியர் கையேட்டில் அதையே தட்டினால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரக்கூடாது. வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட், வேதிக் குறியீடு மூன்றும் ஒரே கதவைத் திறக்க வேண்டும். பெல்கோர்க்காரர்கள் கண்ட மருந்தும் இதுவே: ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் புழங்குகிறதோ அத்தனையையும் சேர்த்துவிடுங்கள், வரம்பு வைக்காதீர்கள்.

தமிழில் தேடல் என்றால் இதற்கு முன்னாலேயே தாண்ட வேண்டிய பள்ளங்கள் சில இருக்கின்றன. கையேடு தயாரிப்பவர்கள் இவற்றை அறியாததால் நல்ல உழைப்பு வீணாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

முதல் பள்ளம் எழுத்துரு. பல ஆண்டுகளாக நம் அச்சகங்களில் பேஜ்மேக்கரில் தட்டச்சு செய்த தமிழ் உண்மையில் தமிழாகக் கணினியில் பதிவாகவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் கலவை. அந்தக் கோப்பை பி.டி.எப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்கலாம், அச்சடிக்கலாம், தேட மட்டும் முடியாது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்ததன் அருமை இங்கேதான் விளங்கும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கருவியில் திறந்தாலும் அது தமிழாகவே இருக்கும்.

யூனிகோடிலும் நுட்பம் உண்டு. 'பொட்டாசியம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் நிரல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். இதற்கான நெறிகளை யூனிகோடு அமைப்பே வகுத்திருக்கிறது. நிரலாளர் அதை ஒரு வரியில் அழைத்தால் போதும். நெறியால் தீராத பிழை ஔகாரத்தில் வருவது. 'பௌதிகம்' என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'பெளதிகம்' என்று தட்டுபவர்கள் ஏராளம். கண் ஏமாறும், கணினி ஏமாறாது. கையேட்டை வெளியிடும் முன் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் திருத்துவது ஒரு பகல் வேலை, செய்துவிட வேண்டும்.

பிறகு இலக்கணம். ஆங்கிலத்தில் கந்தகம் என்பதற்கான சொல் எந்த வாக்கியத்தில் வந்தாலும் அப்படியே நிற்கும். தமிழில் அது கந்தகத்தை, கந்தகத்துடன், கந்தகத்தின் என்று மாறும். மகர மெய் மறைந்து அத்துச் சாரியை ஏறும். 'கந்தகம்' என்று தேடுபவருக்குக் 'குளோரேட்டைக் கந்தகத்துடன் கலக்கக்கூடாது' என்ற வரி சாதாரணத் தேடலில் அகப்படாது. மிகவும் தேவையான வரியே தப்பிவிடுகிறது. நல்ல கையேடு சொல்லின் வேரைப் பிரித்துத் தேடும். அந்த வசதி இல்லாத கோப்பு கையில் இருந்தால், கடைசி மெய்யை விட்டுவிட்டு 'கந்தக', 'அமில', 'அலுமினிய' என்று மட்டும் தட்டுங்கள். பெரும்பாலான வடிவங்கள் வந்துவிடும். ஒற்று மிகுவதும் தொல்லைதான். 'பட்டாசுத் தொழிற்சாலை' என்று ஒருவர் எழுதுவார், 'பட்டாசு தொழிற்சாலை' என்று இன்னொருவர் எழுதுவார். பாஸ்பரஸ் எழுதுவதிலும் ஊருக்கு ஒரு வழக்கம்.

பொருளடக்கத்தை எப்படி அடுக்குவது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மில்லரின் ஏழைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பட்டியலிலும் ஏழு தலைப்புக்கு மேல் கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. மில்லர் பேசியது நினைவில் வைப்பதைப் பற்றி. கண்முன் இருக்கும் பட்டியலை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் 1998-இல் 512 தலைப்புகளை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தார்கள்: எட்டெட்டாக மூன்று அடுக்கு, 16-உம் 32-உமாக இரண்டு அடுக்கு, 32-உம் 16-உமாக இரண்டு அடுக்கு. மூன்று அடுக்கில்தான் மக்கள் அதிகம் தடுமாறினார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு முடிவு. ஒவ்வொரு முடிவும் தவறான கிளையில் இறங்கும் வாய்ப்பு. கொஞ்சம் நீளமான பட்டியலைப் பார்த்து வாசகர் பயப்படுவதில்லை, ஆழமான கிணற்றில்தான் திணறுகிறார்.

தலைப்பின் சொற்களும் முக்கியம். செராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்டு இருவரும் விலங்குகள் இரை தேடும் முறையை ஆராயும் கணிதத்தைத் தகவல் தேடலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். வாசகர் ஒவ்வோர் இணைப்பையும் மோப்பம் பிடித்து, உள்ளே தமக்கு வேண்டியது இருக்குமா என்று கணித்த பிறகே தொடுகிறார். 'மேலும் அறிய', 'இங்கே சொடுக்கவும்' என்பவற்றில் மணம் இல்லை. 'ஈரமான அலுமினியத் தூள்: ஏன் சூடேறுகிறது' என்பதில் இருக்கிறது. ஆனால் ஒரு பத்தியில் பத்து இணைப்புகளைத் திணித்தால் படிப்பதே பாரமாகிவிடும். பாடம் புதிதாக இருப்பவருக்கு அது இன்னும் கடினம். புதியவருக்கு மரம்போல் ஒழுங்கான அடுக்கும், துறை அறிந்தவருக்கு வலைபோல் குறுக்கிணைப்புகளும் உதவுகின்றன என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கல்லூரி ஆசிரியர் கையேடு இருவருக்கும் ஆனது. நேற்றுச் சேர்ந்தவரும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அதைத்தான் திறக்கிறார்கள்.

ஓர் ஊரை மனிதர் எப்படிக் கற்கிறார் என்று 1975-இல் சீகலும் ஒயிட்டும் ஒரு வரிசை சொன்னார்கள்: முதலில் அடையாளங்கள், பிறகு பாதைகள், கடைசியில்தான் முழு வரைபடம். சிவகாசிக்குப் புதிதாக வேலைக்கு வருபவர் பத்ரகாளியம்மன் கோயிலையும் பேருந்து நிலையத்தையும் முதலில் பிடித்துக்கொள்கிறார். சில நாளில் திருத்தங்கல் சாலை, சாத்தூர் சாலை பழகுகின்றன. ஊரின் மொத்த வடிவம் மனத்தில் விழ மாதங்கள் ஆகும். கையேட்டுக்கும் அடையாளங்கள் வேண்டும், அவை இடம் மாறவும் கூடாது. வேதியியலில் அப்படி ஒன்று உலக அளவில் நடந்திருக்கிறது. ஐ.நா. வகுத்த வகைப்பாட்டு முறையில் வேதிப்பொருள் பாதுகாப்புத் தாள் எதுவானாலும் 16 பிரிவுகள்தான். நான்காவது முதலுதவி, ஐந்தாவது தீயணைப்பு, ஏழாவது கையாளுதலும் சேமிப்பும், பத்தாவது எதோடு சேரக்கூடாது என்பது. எந்த நாட்டுத் தாளாக இருந்தாலும் இந்த எண்கள் மாறா. ஆய்வகத்தில் கண்ணில் ஏதோ தெறித்துவிட்டது என்றால் யோசிக்காமல் நான்குக்குப் போகலாம்.

எண்களின் வலிமையைத் தமிழர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. குறளின் எண்ணைச் சொன்னால் போதும். பரிமேலழகர் உரைப் பதிப்பானாலும் கையடக்கப் பதிப்பானாலும் கைபேசிச் செயலியானாலும் அதே குறள் வந்து நிற்கும். பக்க எண் அப்படி இல்லை, அது பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. 1993-இல் வந்த பி.டி.எப். தாளின் வடிவத்தை அப்படியே காப்பாற்றுகிறது, அதனால் பக்க எண் நிற்கிறது; சிறு திரையில் படிப்பதோ அவதி. பிறகு வந்த இ-பப் வடிவத்தில் எழுத்து திரைக்கேற்ப மடங்கி ஓடும், ஆனால் பக்கம் என்பதே இராது. ஆசிரியர் கையேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் நிலையான எண் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் தீரும். 'கையேட்டில் 214-ஐப் பாருங்கள் சார்' என்று துறைத் தோழர் தொலைபேசியில் சொன்னால், யார் எந்தக் கருவியில் வைத்திருந்தாலும் அதே இடத்தில் சேரலாம். திருத்தப் பதிப்பு வரும்போது பழைய எண்ணை வேறு செய்திக்குத் தரக்கூடாது என்பது மட்டும் விதி.

புதிதாக ஒரு மின்கையேடு கைக்கு வந்தால், முதல் பத்து நிமிடத்தை அதில் எதையும் படிக்காமல் செலவிடுங்கள். பொருளடக்கம் எங்கே திறக்கிறது, பின்செல் பொத்தான் எது, இணையம் இல்லாதபோதும் திறக்குமா, உங்களுக்கு விடை தெரிந்த ஒரு சொல்லைத் தேடினால் சரியான இடத்துக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். விடை தெரிந்ததை முதலில் தேடுவது முக்கியம். கையேட்டின் தேடல் எவ்வளவு நம்பத்தக்கது என்று அப்போதுதான் தெரியும். பிறகு அடிக்கடி தேவைப்படும் ஐந்தாறு இடங்களுக்குப் புத்தகக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலிருந்து இருக்கிறது. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும், ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-இலும் தொடங்கியவை. 1922-இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போன இருவரில் ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது அவற்றில் ஒன்று. எல்லாவற்றிலும் வேதியியல் துறை இருக்கிறது. தமிழ் யூனிகோடு தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். பக்க வடிவமைப்பில் தேர்ந்த அச்சுத் தொழிலாளர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களின் வேதிப்பொருள்களுக்கு, இணை இணையாக, ஊர்ப் பெயரும் பாடநூல் பெயரும் சேர்த்து, தமிழில் தேடத்தக்க ஆசிரியர் கையேடு ஒன்றை இவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளை அந்த விடையை வீட்டுக்குக் கொண்டுபோவாள் என்பதால் தமிழ் இதில் கட்டாயம். 10 பொருள்களில் தொடங்கினால் 45 இணைகள். முதுநிலை மாணவர்களின் ஒரு பருவத் திட்டப்பணிக்கு அது சரியான அளவு.